ஃபிளமெங்கோ கிட்டாரைக் கையால் செய்வது எப்படி: மரம் முதல் தந்தி வரை

இந்த வாத்தியம் எந்த இடத்தில் ஒலிக்கப் பிறந்தது என்பதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டும் ஆட்டமும் கிட்டாரும் சேர்ந்த ஃபிளமெங்கோ கலையின் மண்ணான, தெற்கு ஸ்பெயினின் அன்டலூசியா. பாடகர் அடித்தொண்டையிலிருந்து குரலெடுத்துப் பாடுகிறார். ஆடுபவரின் காலணி மரத்தரையில் அதிர்கிறது. சுற்றி இருப்பவர்கள் கைதட்டித் தாளம் போடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே, ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே, கிட்டார் தெளிவாகக் கேட்க வேண்டியிருந்தது. நீண்டு இழையும் நாதம் இங்கே உதவாது. விரல் பட்டதும் ஒலி வெடித்துக் கிளம்ப வேண்டும், அடுத்த அடி விழுவதற்குள் அடங்கிவிட வேண்டும்.

வாசிப்பவரின் வலது கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தந்தியை மீட்டிக்கொண்டே மோதிர விரலால் முகப்பலகையைத் தட்டுவார். இதற்குக் கொல்பே என்று பெயர். தந்திகள் பலகைக்கு மேலே உயரமாக நின்றால் விரல் போய்த் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் தாளம் தவறிவிடும். அதனால் ஃபிளமெங்கோ கிட்டாரில் பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்க முகப்பலகையில் ஒட்டிய கட்டை) அருகே தந்திகள் பலகையிலிருந்து சுமார் 8 மி.மீ. உயரத்தில்தான் நிற்கும். கிளாசிக்கல் கிட்டாரில் இது 10 முதல் 12 மி.மீ. வரை இருக்கும்.

இந்த 8 மி.மீ.தான் இந்தக் கைவேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம். கிளாசிக்கல் கிட்டாரை வாங்கி, சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்தினால் ஃபிளமெங்கோ கிட்டார் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அந்த உயரம் வேலை தொடங்கும் முதல் நாளே கழுத்தின் சாய்வில் முடிவாகிவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இழைப்புளியும் உளியும் ஓரளவு கைக்குப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன். செய்யப் போகாமல், நல்ல கிட்டார் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

படி 1: வரைபடமும் ஒரு சின்னக் கணக்கும்

முழு அளவில் வரைபடம் போடுங்கள். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒரு தோற்றம். தந்தி நீளம் 650 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இன்றும் பெரும்பாலான கிட்டார்களின் அளவு அதுதான். 655, 660 வைப்பவர்களும் உண்டு. அந்த 650-ஐ நிலைநாட்டியதில் பெரும் பங்கு ஸ்பெயினின் அல்மெரியாவில் பிறந்த கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸுக்கு (1817–1892) உரியது. இன்று நாம் பார்க்கும் ஸ்பானிய கிட்டாரின் உடல் வடிவமும், உள்ளே விசிறி போல் விரியும் குச்சிகளும் அவர் கையில்தான் முழு உருவம் பெற்றன.

இனி கணக்கு. நிதானமாகப் படியுங்கள், மொத்த வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஃப்ரெட் என்பது கழுத்தின் மேல் ஒட்டிய விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் 2.8 மி.மீ. வேண்டும் என்று வைப்போம். 12-ஆம் ஃப்ரெட் தந்தியின் சரிபாதி. எனவே ஃப்ரெட்டுகளின் மட்டத்தை அப்படியே பிரிட்ஜ் வரை நீட்டினால், அங்கே தந்தி அந்த மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது 5.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். நமக்குத் தந்தி பலகையிலிருந்து 8 மி.மீ.யில் வேண்டும். அப்படியானால் ஃப்ரெட் மட்டம் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் பலகைக்கு மேல் 2.4 மி.மீ.யில் போக வேண்டும்.

சரி, கழுத்தும் பலகையும் ஒரே தளத்தில் இருந்தால் என்ன ஆகும்? விரல்பலகை 6 மி.மீ., ஃப்ரெட் 1 மி.மீ., ஆக 7. முகப்பலகை பிரிட்ஜ் அருகே 2 மி.மீ. புடைத்திருக்கும், அதைக் கழித்தால் 5. அதாவது ஃப்ரெட் மட்டம் 5 மி.மீ.யில் போகும், தந்தி 10.6 மி.மீ.யில் நிற்கும். அது கிளாசிக்கல் கிட்டார். நமக்கு 2.6 மி.மீ. குறைய வேண்டும். கழுத்து உடலைச் சேரும் இடம் 12-ஆம் ஃப்ரெட். அங்கிருந்து பிரிட்ஜுக்கும், கழுத்தின் மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற துண்டுக்கும் ஒரே தூரம். ஆகவே நட் இருக்கும் முனையை 2.6 மி.மீ. முன்பக்கமாக, தந்திகளின் திசையில், சாய்த்தால் போதும். மறுமுனையில் மட்டம் அதே அளவு இறங்கிவிடும்.

ஆறு தந்திகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ விசையோடு இழுக்கும்போது கழுத்து இன்னும் கொஞ்சம் முன்னால் வளையும், பலகையும் கொஞ்சம் எழும்பும். இதற்காக அரை மில்லிமீட்டர் போல விட்டு வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். உங்கள் விரல்பலகையின் கனம் வேறு என்றால் கணக்கையும் அதற்கேற்ப மாற்றிப் போடுங்கள்.

படி 2: மரம்

மரபான ஃபிளமெங்கோ கிட்டாருக்கு பிளாங்கா என்று பெயர். பக்கங்களும் பின்பலகையும் வெளிர்மஞ்சள் சைப்ரஸ் மரம், முகப்பலகை ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். சைப்ரஸ் மத்தியதரைக்கடல் ஓரங்களில் விளையும் மரம். கப்பலில் வந்த விலையுயர்ந்த மரங்களை வாங்க முடியாத கலைஞர்களுக்கு உள்ளூரிலேயே மலிவாகக் கிடைத்தது. ஆனால் அது நிலைத்துப் போனதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 500 கிலோவை ஒட்டிய எடைதான். இலேசான பெட்டி சட்டென்று பதில் சொல்லும், சீக்கிரம் அடங்கும். அறுக்கும்போது பட்டறை முழுக்க எழும் மணத்துக்காகவே இந்த மரத்தை விரும்புகிறவர்களும் உண்டு.

இன்னொரு வகை நெக்ரா. பக்கங்களும் பின்பலகையும் ரோஸ்வுட். ஃபிளமெங்கோ தனிக் கச்சேரி மேடைகளுக்கு ஏறிய பிறகு, கொஞ்சம் கூடுதல் கனமும் நீளமும் உள்ள ஒலியை நாடியவர்கள் இதற்கு மாறினார்கள். ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லுசியாவின் (1947–2014) கைகளில், மாட்ரிதில் கிட்டார் செய்யும் கோந்தே குடும்பத்து நெக்ரா உலகமெங்கும் பெயர் பெற்றது. இதற்குப் பயன்படும் இந்திய ரோஸ்வுட் வேறு எதுவும் அல்ல, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வோம். சைப்ரஸைவிடப் பாதிக்கு மேல் அதிக எடை. பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் ஏறக்குறைய முழுவதுமாகத் தடைப்பட்டுவிட்டது. ஈட்டி உள்ளிட்ட அந்த இன மரங்கள் எல்லாமே 2017-இல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது, ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. பலகையாக வாங்குபவர்கள் ரசீதையும் அனுமதிச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

முதல் கிட்டார் என்றால் பிளாங்காவே செய்யுங்கள். சைப்ரஸ் இழைக்க எளிது, தவறினால் நட்டமும் குறைவு.

கழுத்துக்கு ஸ்பானிஷ் சிடார். பெயர்தான் சிடார், உண்மையில் வேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க மரம், இலேசானது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. விரல்பலகைக்குக் கருங்காலி. ஒரு காலத்தில் இலங்கைக் கருங்காலிக்குத் தனி மதிப்பு இருந்தது. இன்று பட்டறைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருங்காலி.

முகப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். முடிந்தால் அறுத்த பலகையைவிட, பிளந்து எடுத்த கட்டையிலிருந்து வந்ததை வாங்குங்கள். பிளவு மரத்தின் நாரைத் தொடர்ந்தே போகும், அறுவைக்கு அது தெரியாது. நார் பலகையின் முகத்துக்குச் சாய்வாக வெளியேறினால், எடைக்கு ஏற்ற விறைப்பு கிடைக்காது.

எல்லா மரத்தையும் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு உள்ள அறையில் பல வாரங்கள் வைத்திருந்து, அதே அறையில்தான் ஒட்ட வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்று வரும் அறையில் 75 விழுக்காட்டில் ஒட்டிய பெட்டியைக் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால், பலகை சுருங்கும், குறுக்கே ஒட்டிய கட்டைகள் சுருங்காது, பலகை வெடிக்கும். ஈரம் அளக்கும் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

படி 3: சொலேரா

சொலேரா என்பது கிட்டார் உருவத்தில் வெட்டிய தடிமனான அடிப்பலகை. ஸ்பானிய முறையில் கிட்டார் இதன் மேல் குப்புறக் கிடந்தபடியே உருவாகிறது. முகப்பலகையின் கீழ்ப்பகுதி வரும் இடத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு மெதுவான குழிவு செதுக்குங்கள். பலகையின் புடைப்பு இதிலிருந்துதான் வரும். ஒலித்துளைக்கு மேலே உள்ள பகுதி தட்டையாகவே இருக்கட்டும். கழுத்தைத் தாங்கும் நீட்சி, நட் முனையில், நாம் கணக்கிட்ட 2.6 மி.மீ. கீழே இறங்க வேண்டும். கிட்டார் குப்புறக் கிடப்பதால் இங்கே கீழ் என்பது தந்திகள் வரும் பக்கம். இந்தச் சாய்வை மட்டக்கோலும் தகட்டு அளவையும் வைத்து அளந்து சரிபாருங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம்.

படி 4: கழுத்து

ஸ்பானிய முறையில் கழுத்தைத் தனியாகச் செய்து பிறகு பெட்டியில் பொருத்துவதில்லை. கழுத்தின் அடிக்கட்டையில் இருபுறமும் வெட்டிய பிளவுகளில் பக்கப்பட்டைகள் நுழைகின்றன. பெட்டி கழுத்தைச் சுற்றியே எழுகிறது. தலைப்பகுதி சுமார் 15 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். அதை ஒரே கட்டையில் வெட்டி வீணாக்காமல், சாய்வெட்டுப் போட்டு ஒட்டுவது வழக்கம். அடிக்கட்டையை மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டி உருவாக்கலாம்.

சுருதி சேர்க்கத் தலையில் மரப் பிரடையா, திருகும் உலோக மெஷின் ஹெட்டா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மரப் பிரடை பழைய முறை. வயலினில் இருப்பதுபோல் உராய்வினால் நிற்கும். தலை மிக இலேசாக இருக்கும், ஆனால் சுருதி சேர்க்கப் பொறுமை வேண்டும். மேடையில் வாசிப்பவர்கள் இன்று பெரும்பாலும் மெஷின் ஹெட்டையே கேட்கிறார்கள். எனக்குப் பிரடையின் இலேசுதான் பிடிக்கும். வாசிக்கப் போகிறவர் ஒப்புக்கொண்டால் அதையே வையுங்கள்.

படி 5: முகப்பலகை

1862-இல் தோர்ரெஸ் ஒரு கிட்டார் செய்தார். முகப்பலகை ஸ்ப்ரூஸ், பக்கங்களும் பின்புறமும் காகிதக்கூழ் அட்டை. ஒலியைத் தீர்மானிப்பது முகப்பலகைதான் என்பதைக் காட்டவே அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து வந்த இரண்டு பலகைகளைப் புத்தகத்தைப் பிரிப்பதுபோல் விரித்து, நடுவில் இணைக்க வேண்டும். நீண்ட இழைப்புளியால் ஓரங்களை இழைத்து, இரண்டையும் சேர்த்துச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளிக்கீற்று எங்காவது தெரிந்தால் மறுபடியும் இழையுங்கள். கிளாம்பின் அழுத்தத்தால் இடைவெளியை மூடிவிடலாம் என்று நினைத்தால், சில ஆண்டுகளில் அந்த இடம் விட்டுவிடும்.

பசை விஷயத்தில் மரபுவழிப் பட்டறைகள் நம் ஆசாரிமார் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல்பசையையே பயன்படுத்தின. நீர்க்குளியலில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. மரத்தையும் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டால்தான் பசை உறைவதற்குள் கிளாம்ப் போட நேரம் கிடைக்கும். கை பழகாதவர்கள் மஞ்சள் மரப்பசை வைத்துச் செய்யலாம், குறையொன்றும் இல்லை.

அப்புறம் ஒலித்துளையைச் சுற்றி வரும் ரொசெட். சாயமேற்றிய மெல்லிய மரச்சீவல்களை அடுக்கி ஒட்டி ஒரு சிறு கட்டையாக்கி, அதன் குறுக்கே சீவி எடுக்கும் வில்லைகளை வளையமாகப் பதிக்கும் வேலை. கண்ணுக்கு விருந்துதான், ஒலிக்குப் பெரிய பங்கு இல்லை. முதல் கிட்டாருக்கு எளிய வளையங்களே போதும். துளையின் விட்டம் 85 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

இனி கனம். நடுவில் 2.2 மி.மீ., ஓரங்களில் 1.9 அல்லது 2 என்பது நல்ல தொடக்கம். ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இழைக்காதீர்கள். 2.5 மி.மீ. வந்ததும் ஒவ்வொரு சில சீவலுக்கும் ஒருமுறை பலகையை இரு கைகளிலும் பிடித்து, நாருக்குக் குறுக்கே மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைப்பான பலகை 2 மி.மீ. வரை போக இடம் கொடுக்கும், தளர்ந்த பலகையை 2.4-இல் நிறுத்த வேண்டியிருக்கும். கட்டைவிரல்களுக்கு நடுவே எதிர்ப்பு திடீரெனக் குறையும் கட்டம் ஒன்று வரும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

உட்புறம் விசிறிக் குச்சிகள். ஐந்தோ ஏழோ வைப்பது மரபு. பிளந்து எடுத்த ஸ்ப்ரூஸில், 5 மி.மீ. அகலம், 3 முதல் 4 மி.மீ. உயரம், இரு முனைகளும் சீவி இறங்க வேண்டும். பலகையைச் சொலேராவின் குழிவில் அழுத்தி வைத்தபடி ஒட்டினால் புடைப்பு நிலைத்துவிடும். குச்சிகளின் அடிப்பக்கத்தையும் அந்தக் குழிவுக்குப் பொருந்துமாறு இழைத்துக்கொள்ளுங்கள். துளைக்கு மேலும் கீழும் கனமான குறுக்குக் கட்டைகள் வரும். ஒட்டி உலர்ந்த பிறகு பலகையைத் தூக்கிப் பிடித்து விரல் மடிப்பால் தட்டிக் கேளுங்கள். கொஞ்சம் சீவுங்கள், மறுபடி தட்டுங்கள். மங்கலாக மூடிக் கேட்ட ஒலி திறந்து வருவது காதுக்கே தெரியும்.

மானுவல் ராமிரெஸின் மாட்ரித் பட்டறையில் பணிபுரிந்து பிறகு தனிப்பட்டறை கண்ட சாந்தோஸ் எர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தெசோவும் செய்த ஃபிளமெங்கோ கிட்டார்களை இன்றைய கைவினைஞர்கள் இன்னும் அளந்து படிக்கிறார்கள். கோர்தோபாவில் வாழ்ந்த மானுவல் ரெயஸின் (1934–2014) கிட்டார்களுக்கும் அதே மரியாதை. வரைபடம் தேடுபவர்கள் இந்தப் பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

படி 6: பக்கங்களை வளைப்பது

சைப்ரஸ் பட்டைகளை 1.8 முதல் 2 மி.மீ. கனத்துக்கு இழைத்து, இலேசாக நனைத்து, சூடான இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். தண்ணீர்த் துளி விழுந்ததும் துள்ளி ஓடினால் சூடு சரி. இடுப்பு வளைவிலிருந்து தொடங்குங்கள், அதுதான் கடினம். மரம் தானாக இளகும்வரை கை அவசரப்படக்கூடாது. சைப்ரஸ் வெளிர் நிறம் என்பதால் கருகிய தழும்பு பளிச்சென்று தெரியும். வளைவு வந்ததும் அச்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு ஆறவிடுங்கள்.

படி 7: பெட்டியைக் கூட்டுவது

முகப்பலகை சொலேராவில் குப்புறக் கிடக்கிறது. கழுத்தை அதன் மேல் வைத்து ஒட்டுங்கள். கழுத்தின் நடுக்கோடும் பலகையின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு பக்கங்கள் பிளவுகளில் நுழையும், அவை சேரும் கீழ்முனையில் ஒரு கட்டை வரும்.

பக்கமும் பலகையும் சேரும் மூலையில் நீளமான பட்டிக்குப் பதில் சிறுசிறு மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவது ஸ்பானிய வழக்கம். நூற்றைத் தாண்டும் துண்டுகள், விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் நீளப் பட்டியை வளைத்து ஒட்டினால் அது நிமிரப் பார்க்கும், ஓரத்தை இழுக்கும். தனித் துண்டுகள் பலகையைச் சொலேராவில் எப்படிக் கிடந்ததோ அதே வடிவில் பிடித்து வைக்கின்றன.

பின்பலகைக்கு மூன்று குறுக்குக் கட்டைகள், நடுவில் ஓர் ஒட்டுப் பட்டி. கனம் 2.2 மி.மீ. அளவில். பெட்டியின் ஆழம் கிளாசிக்கலைவிடச் சற்றுக் குறைவாக, கீழ்முனையில் 95 மி.மீ.க்குள் இருக்கட்டும். மூடுவதற்கு முன் பெட்டிக்குள் கையை விட்டு, பசைத் துளிகளையும் தளர்ந்த துண்டுகளையும் தேடிப் பாருங்கள். மூடிய பிறகு அங்கே கை போகாது. ஓரங்களைச் சுற்றிப் பள்ளம் எடுத்து மெல்லிய ஓரப்பட்டி ஒட்டினால் பெட்டி முடிந்தது.

படி 8: விரல்பலகையும் ஃப்ரெட்டும்

ஃப்ரெட் இடங்களுக்குச் சூத்திரம் ஒன்றே. மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம். 650 மி.மீ.க்கு முதல் ஃப்ரெட் 36.48, இரண்டாவது 70.92, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18, பன்னிரண்டாவது 325. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டு போனால் பிழைகள் கூடிக்கொண்டே போகும். மொத்தம் 19 ஃப்ரெட். நட் அருகே அகலம் 52 மி.மீ. இருக்கட்டும். விரல்பலகையை ஒட்டியதும் மட்டக்கோலை அதன் மேல் வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். படி 1-இன் கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் பிசகியிருந்தால் இந்தக் கட்டத்தில் விரல்பலகையைச் சாய்வாக இழைத்துத் திருத்தலாம். திருத்துவதற்கான கடைசி வாய்ப்பு இதுதான்.

படி 9: பிரிட்ஜ்

ரோஸ்வுட்டில், 15 கிராம் சுற்றி வரும்படி இலேசாகச் செய்யுங்கள். அடிப்பக்கத்தைப் பலகையின் புடைப்புக்குப் பொருந்துமாறு குழிவாகச் சுரண்ட வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடில் 325 மி.மீ.யில் இருக்கக்கூடாது. தந்தியை அழுத்தும்போது சுருதி சற்று ஏறும் என்பதால் 1.5 முதல் 2 மி.மீ. கூட்டி வையுங்கள். சேடில் எலும்பு, மரத்துக்கு மேல் 1.5 அல்லது 2 மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும்.

கடையில் கிட்டார் பார்க்கப் போகிறவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிரனாடாவில் அல்அம்ப்ரா கோட்டைக்கு ஏறும் குவெஸ்தா தெ கோமெரெஸ் தெருப் பட்டறையாக இருந்தாலும் சரி, இணையத்தில் படம் பார்த்தாலும் சரி. தந்தி பலகையிலிருந்து 11 மி.மீ.யில் நின்றால், உள்ளே என்ன சீட்டு ஒட்டியிருந்தாலும் கழுத்துச் சாய்வு ஃபிளமெங்கோவுக்கு உரியது அல்ல. உயரம் சரியாக இருந்து, சேடில் மரத்தோடு மரமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். இனி தாழ்த்த அங்கே இடமில்லை.

படி 10: அரக்கு

ஃப்ரெஞ்ச் பாலிஷ் என்று நாம் சொல்வதேதான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் மெல்லிய படலங்களாக ஏற்றுவது. இந்த அரக்கில் பெரும்பகுதி ஜார்க்கண்ட் உள்ளிட்ட இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சிகள் தருவது. நுரைக்கல் பொடியால் மரத்துளைகளை நிரப்பி, பல நாள் இடைவெளி விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். தெளிப்பு வார்னிஷைவிட இது மெல்லியது, பலகையின் அசைவைக் குறைக்காது. வியர்வைக்கும் நகத்துக்கும் தாங்காதுதான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அரக்கு நன்றாக இறுகிய பிறகு, விரல் தட்டும் இடத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டை ஒட்டுங்கள். இதுதான் கொல்பெயதோர். கனமான தகடு ஒலியை அடக்கும், கிடைப்பதில் மெல்லியதையே தேர்ந்தெடுங்கள்.

படி 11: தந்தி கட்டுவது

இரண்டாம் உலகப் போர் வரை விலங்குக் குடல் தந்திகள்தான். 1940-களின் பிற்பகுதியில் நைலான் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தது. நைலான் தந்திகளைக் கட்டி, முதல் நாள் ஒரு சுரம் தாழ்த்தியே வைத்திருங்கள். மறுநாள் முழுச் சுருதிக்குக் கொண்டுவரலாம்.

12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தி 2.8, முதல் தந்தி 2.3 மி.மீ. என்று தொடங்குங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். பிறகு வாசிப்பவரை அழைத்து இரண்டு சோதனைகள் செய்யச் சொல்லுங்கள். எல்லா விரல்களையும் விரித்து அடிக்கும் ரஸ்கியாதோவில் தந்திகள் கொஞ்சம் உறுமலாம், அது இந்த வாத்தியத்தின் குணம். ஒற்றைச் சுரங்களாக ஓடும் பிகாதோவில் எந்த ஃப்ரெட்டிலும் கரகரப்பு கேட்கக்கூடாது. கேட்டால் சேடிலைத் தொடும் முன் அந்த ஃப்ரெட்டின் மட்டத்தைச் சரிபாருங்கள்.

முதல் ஒரு மாதத்தில் பலகை தந்திகளின் இழுப்புக்குப் பழகும், உயரம் கொஞ்சம் ஏறும். அதனால் முதல் சேடிலை அரை மில்லிமீட்டர் கூடுதலாகவே விட்டு வைத்து, மாதம் கழித்து மறுபடி அளந்து, அப்போது இறுதியாக இழையுங்கள்.